கோல்டன்ஐ இசை: திட்டுகிறவர்களுக்கு நடுவில் ஒரு ரசிகன்

பாய்லர்காரன் (சுங்கை சிப்புட், பேராக், மலேசியா) எழுதியது:

ராத்திரி வேலை முடிந்து வந்து, தூக்கம் வராமல் எழுதுகிறேன். போன வாரம் இங்கே, ஜேம்ஸ் பாண்ட் படங்களில் எதற்கு இசை மட்டம் என்று பேச்சு ஓடியது. வந்தவர் போனவர் எல்லாரும் கோல்டன்ஐ மேல் ஆளுக்கொரு கல் எறிந்துவிட்டுப் போனீர்கள். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்த இசை பிடிக்கும். பாண்ட் படங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரே ஆல்பம் அதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படம் 1995-இல் வந்தது. ஆறு வருடம் பாண்ட் படமே இல்லாமல் கிடந்து, பியர்ஸ் பிராஸ்னன் முதல் தடவையாக நடித்தது. இசைக்கு எரிக் சேரா என்ற பிரெஞ்சுக்காரரைப் பிடித்தார்கள். லூக் பெஸ்ஸோனின் நிகிதா, லெயோன் எல்லாம் இவர் இசைதான். அடிப்படையில் பேஸ் கித்தார் வாசிக்கிறவர். டிரம்பட்டும் டிராம்போனும் முழங்கும் என்று போய் உட்கார்ந்த சனத்துக்கு இரும்பைத் தட்டுகிற சத்தமும் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியின் முனகலும்தான் கிடைத்தது. கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

நான் அதைத் தியேட்டரில் கேட்கவில்லை. 1996, எனக்கு 16 வயது. பட்டணத்து வீடியோ கடையில் வாடகைக்கு எடுத்த டேப். அப்போது எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஆலையை மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரோலர் மெஷின்கள் துருப்பிடித்து நின்றன. ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோடுகிற புகைக்கூண்டுக்குள் லாலாங் புல் முளைத்துவிட்டது. நாங்கள் பையன்கள் பந்து விளையாடிவிட்டு அங்கேதான் போய்க் கிடப்போம். தகரம் காற்றில் அடிக்கும், எங்கோ ஒரு சங்கிலி ஆடும், கத்திப் பேசினால் குரல் சுற்றிச் சுற்றித் திரும்பி வரும்.

படத்தில் ஒரு காட்சி. சோவியத் ஒன்றியம் உடைந்தபின் பிடுங்கிப் போட்ட பழைய சிலைகளெல்லாம் குவிந்து கிடக்கும் இடத்துக்கு பாண்ட் ராத்திரியில் போவார். அங்கே சேரா மெட்டு என்று எதுவும் போடவில்லை. ஏதோ உலோகம் தூரத்தில் முனகுகிறது, யாரோ கிசுகிசுப்பது மாதிரி ஒரு ஒலி கடந்து போகிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இது எங்கள் புகைக்கூண்டு சத்தமாச்சே! பிரெஞ்சுக்காரனுக்கு எப்படித் தெரியும்?

அதிலிருந்து எனக்கு ஒரு எண்ணம். மற்ற பாண்ட் இசையெல்லாம் பாண்டைப் பற்றியது. இந்த ஒன்று மட்டும் அவர் நடந்து போகிற இடத்தைப் பற்றியது. சண்டைக்கு வாருங்கள், காத்திருக்கிறேன்.

---

கிராணிவீட்டு மாப்பிள்ளை எழுதியது:

அண்ணே, அந்தக் கார் பந்தயக் காட்சிக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எங்கள் மாமியார் தேங்காய் அரைக்கிற மிக்ஸி அதைவிடத் தாளத்தோடு ஓடும்.

---

ஊசித்தட்டு (ஈப்போ) எழுதியது:

தம்பி, ரசித்து எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு சத்தம் ஊரை ஞாபகப்படுத்துகிறது என்பதற்காக அது நல்ல பின்னணி இசை ஆகிவிடுமா? லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம்கூட எனக்கு என் அப்பாவை ஞாபகப்படுத்தும்.

பள்ளிக்கூடத்தில் 30 வருடம் குப்பை கொட்டியவன் நான், கொஞ்சம் பாடம் நடத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜான் பேரி 11 பாண்ட் படங்களுக்கு இசையமைத்தார். அவருடைய வழக்கம் என்ன? ஆரம்பப் பாடலின் மெட்டை எடுத்துக்கொள்வார். அதையே காதல் காட்சியில் வயலினில் இழைப்பார், ஆபத்து வரும்போது டிரம்பட் மாதிரிப் பித்தளை வாத்தியங்களில் அதிரவைப்பார். படம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது நாம் முணுமுணுப்பது அந்த மெட்டாகத்தான் இருக்கும். கோல்டன்ஐக்கும் நல்ல பாட்டு ஒன்று இருந்தது. யூ2 குழுவின் போனோவும் எட்ஜும் எழுதி, டீனா டர்னர் பாடியது. அந்த மெட்டு சேராவின் இசைக்குள் எங்கேயாவது வருகிறதா? இல்லை. பாட்டு ஒரு பக்கம், படத்தின் இசை ஒரு பக்கம். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் முகம் கொடுத்துப் பேசாத கல்யாணம் மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் தெருவில் பாண்ட் டாங்கி ஓட்டுகிற காட்சிக்குச் சேரா போட்டதைத் தயாரிப்பாளர்களே வேண்டாம் என்று எடுத்துவிட்டு, ஜான் ஆல்ட்மனிடம் கொடுத்து, பழைய பாண்ட் மெட்டை வைத்து வேறு எழுதி வாங்கினார்கள். சொந்த வீட்டிலேயே விலைபோகாத சரக்கைச் சந்தையில் நீங்கள் எப்படி விற்கப்போகிறீர்கள்?

---

பாய்லர்காரன் எழுதியது:

மாப்பிள்ளைக்கு முதலில். கார் பந்தயக் காட்சியை நானும் தாண்டிவிட்டுத்தான் கேட்பேன். மலைப்பாதையில் பழைய ஆஸ்டன் மார்ட்டினும் பெராரியும் முட்டிக்கொண்டு போகின்றன. சேரா அங்கே ஏதோ டிஸ்கோ மாதிரி குத்துத்தாளம் போட்டு நடுவில் மனுஷக் குரலையும் துண்டுதுண்டாக வெட்டி ஒட்டிவைத்திருக்கிறார். படத்திலேயே சிரிப்பு மூடில் இருக்கிற இடம் அது. சேராவுக்குச் சிரிக்க வராது என்று நினைக்கிறேன். அதே குறைதான் டாங்கிக் காட்சியிலும். ஆல்ட்மன் எழுதியதுதான் அங்கே பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன் சார். சுவரை உடைத்துக்கொண்டு டாங்கி வெளியே வரும்போது எவனுக்குத்தான் அந்தப் பழைய மெட்டு கேட்கத் தோன்றாது. சேரா போட்டது ஆல்பத்தில் இருக்கிறது, 'செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஓர் இனிய சவாரி' என்கிற மாதிரிப் பெயரில். தனியாகக் கேட்டால் எனக்குப் பிடிக்கும். படத்தோடு ஓட்டிப் பார்த்தால் டாங்கி நகரவே மாட்டேன் என்கிறது.

மெட்டு விஷயத்தில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. சேரா மெட்டை வீணாக்கவில்லை, பதுக்கிவைக்கிறார். படம் தொடங்கும்போதே, துப்பாக்கிக் குழாய்க்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி வட்டத்துக்குள் பாண்ட் நடந்து வருவாரே, அந்த இடத்தில், எல்லாருக்கும் தெரிந்த பாண்ட் மெட்டை கித்தாரில் தராமல் டிம்பனி முரசில் தருகிறார், மந்தமாக, நிலத்துக்கு அடியில் யாரோ தட்டுகிற மாதிரி. அதற்கப்புறம் ரொம்ப நேரத்துக்கு அது முழுசாக வராது.

என் வேலையை வைத்தே சொல்கிறேன். செம்பனை ஆலையில் பழக்குலைகளை வேகவைக்க ஸ்டெரிலைசர் என்று நீளமான உருளை இருக்கும். 3 பார் அழுத்தம் வரைக்கும் நீராவி ஏற்றலாம். ஒரே தடவையில் ஏற்றமாட்டோம். கொஞ்சம் ஏற்றித் திறந்துவிடுவோம். மறுபடி ஏற்றி மறுபடி விடுவோம். மூன்றாவது தடவைதான் பிடித்துவைப்போம். முதல் இரண்டு தடவை உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்ற, கடைசியில்தான் வேக்காடு. புதிதாக வேலைக்கு வருகிற பையன் முதல் தடவை 'புஸ்' என்றதுமே எல்லாம் முடிந்துவிட்டது என்று கிளம்பிவிடுவான். கோல்டன்ஐயைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தப் பையன் ஞாபகம்.

அப்புறம் சார், மின்னணு ஒலி என்றாலே முகம் சுளிக்கிறீர்கள். 1969-இலேயே ஜான் பேரி பாண்ட் படத்தில் மூக் என்ற சிந்தசைசரை வைத்தாரே? அவருடைய கடைசி பாண்ட் படம் 1987-இல். அதிலும் மின்னணுத் தாளம் அடியில் ஓடுகிறது. பேரி வைத்தால் பரிசோதனை, சேரா வைத்தால் தகரடப்பாவா?

---

மூணாம்லயம் (கோலாலம்பூர்) எழுதியது:

அண்ணே, நான் உங்கள் கட்சி. ஆனால் நான் வந்த வழி வேறு.

எனக்குப் படம் தெரியாது, கேம்தான் தெரியும். 1997-இல் நிண்டெண்டோ 64-க்கு வந்த கோல்டன்ஐ. எங்கள் வீட்டில் அந்த மெஷின் வாங்க வழி இல்லை. பட்டணத்தில் ஒரு கடையில் மணிக்கு இவ்வளவு வெள்ளி என்று கொடுத்து விளையாடலாம். அண்ணன்கள் மூன்று பேர் விளையாடுவார்கள், நான் பின்னால் நின்று இசை கேட்டுக்கொண்டிருப்பேன், என் முறை வரவே வராது. அந்த கேமுக்கு இசை போட்ட கிராண்ட் கர்க்ஹோப், கிரேம் நார்கேட் இருவரும் சேராவின் அந்த உலோகச் சத்தத்தை எடுத்து, அதற்கு மேல் பாண்ட் மெட்டை ஏற்றியிருப்பார்கள். பல வருடம் கழித்துப் படத்தைப் பார்த்தபோது, 'அட, கேம் இசை மாதிரியே இருக்கிறதே' என்றுதான் எனக்குத் தோன்றியது. தலைகீழாக!

என் வயது ஆட்களிடம் கேட்டுப்பாருங்கள், பாண்ட் என்றால் காதில் விழுவது டிரம்பட் இல்லை, அந்த டங் டங்தான். நீங்களெல்லாம் பேரியோடு வளர்ந்தவர்கள், அதனால் சேரா அந்நியர். எங்களுக்குப் பேரிதான் தாத்தா காலத்து ஆள். (சார் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

---

ஊசித்தட்டு எழுதியது:

கோபம் இல்லை அம்மா. தாத்தா ஆகி நாலு வருடம் ஆகிறது.

பேரியின் மூக் பற்றிப் பாய்லர் தம்பி சொன்னது சரிதான். ஆனால் பேரி அதை சாம்பாரில் பெருங்காயம் போடுகிற மாதிரி போட்டார். சேரா பெருங்காயத்தையே வேகவைத்து ஊற்றுகிறார். மின்னணு ஒலி என் எதிரி இல்லை. 1986-இல் இளையராஜா விக்ரம் படத்துக்குப் போட்டாரே, அதுவும் ஒற்றன் படம்தான். சிந்தசைசர் அதில் பறக்கும், ஆனால் மெட்டு கைவிட்டுப் போகாது. 1992-இல் ரோஜா வந்தபோது எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் பாதிப்பேர் 'இது கம்ப்யூட்டர் இசை, நிற்காது' என்றார்கள். நான் அந்தப் பாதியில் இல்லை, இதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

பேரி இல்லாத ஒவ்வொரு தடவையும் சண்டை நடந்திருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 1977-இல் மார்வின் ஹாம்லிஷ் டிஸ்கோ போட்டார், திட்டினார்கள். 1981-இல் பில் கான்டி, அவரையும் விடவில்லை. 1989-இல் மைக்கேல் கேமன். ஆனால் இவர்கள் எல்லாரும் அந்தப் பாண்ட் மெட்டுக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சேரா அதைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தினார். எனக்கு வலி அங்கேதான்.

ஏன் வலி என்று சொல்கிறேன். இது தலைப்பிலிருந்து விலகல்தான், ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மெட்டை 1962-இல் முதல் பாண்ட் படமான டாக்டர் நோவுக்குக் கொடுத்தவர் மாண்டி நார்மன். அவர் அதைப் புதிதாக உட்கார்ந்து போடவில்லை. எழுத்தாளர் வி.எஸ். நைபாலின் நாவலை, சொந்த வீட்டுக்கு ஏங்குகிற பிஸ்வாஸ் என்ற ஆளின் கதையை, மேடை நாடகமாக்க முயன்றபோது அதற்காகப் போட்டுவைத்து, பயன்படாமல் கிடந்த பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தார். பாட்டைப் பாடுகிறவன் டிரினிடாட் தீவில் கரும்புத் தோட்டத்துக்குப் போன இந்தியச் சனத்தின் வம்சம். தும்மலே துரதிர்ஷ்டமாக வாய்த்தவன் நான் என்று புலம்புகிற பாட்டு, சித்தார் வாசனையோடு. 1845-இல் முதல் கப்பல் டிரினிடாட் போய்ச் சேர்ந்தது. பிறகு நம் ஆட்கள் இங்கே பால்மரம் வெட்ட வந்த கதையேதான். அந்தப் புலம்பலைத்தான் கித்தாருக்கு மாற்றி, பேரி இசைக்குழுவுக்கு ஏற்றபடி அமைத்து, விக் ஃப்ளிக் கித்தாரில் வாசித்தார். மெட்டு யாருடையது என்று பிற்பாடு தகராறு வந்து, 2001-இல் லண்டன் நீதிமன்றத்தில் நார்மன் ஒரு பத்திரிகை மேல் வழக்குப் போட்டு ஜெயித்தார், 30,000 பவுண்டு நஷ்ட ஈடு.

ஆக, உலகத்திலேயே மிடுக்கான ஒற்றனுக்குப் பின்னால் ஒலிப்பது, சொந்த வீடு இல்லாத ஒரு தோட்டத்து வம்சத்து ஆளின் புலம்பல். அதைப் போய்ப் பதுக்கிவைத்தால் எனக்கு எப்படி இருக்கும்?

---

கிராணிவீட்டு மாப்பிள்ளை எழுதியது:

சார், இது தெரியாமல் இத்தனை வருடம் பாண்ட் படம் பார்த்திருக்கிறேன். இனிமேல் அவர் டக்சிடோ போட்டு நடந்து வரும்போதெல்லாம் லயத்து வீட்டுக்கு மனுப் போடுகிற ஆளாகத்தான் தெரிவார்.

அது போகட்டும், ஒற்றன் படத்துக்கு ரஷ்யாவரைக்கும் ஏன் போனார்கள்? நம் ஊரே போதும். 1948 ஜூன் 16, இந்தச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் ஒரே காலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் அதில்தான் ஆரம்பம், 1960 வரைக்கும் நீண்டது. யார் யாருக்குத் தகவல் சொன்னான் என்று எங்கள் தாத்தா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அடுத்த பாண்ட் படத்திலாவது ஈப்போப் பெண் மிஷெல் இயோ வந்தார், 1997-இல். பேராக்குக்கு அவ்வளவுதான் கொடுப்பினை.

---

பாய்லர்காரன் எழுதியது:

சார், பிஸ்வாஸ் கதைக்கு நன்றி. எழுதி முடித்து ஒரு மணி நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதையே நான் என் பக்கம் இழுத்துக்கொள்ளட்டுமா? புலம்பலாகப் பிறந்த மெட்டு என்கிறீர்கள். முப்பது வருடமாக அதற்குக் கோட்டு சூட்டு மாட்டி ஊர்வலம் விட்டார்கள். சேரா அதைக் கழற்றிவிட்டு முரசின் அடியில், இருட்டில், மெதுவாக ஒலிக்க விட்டார். உங்கள் கணக்குப்படியே அது ஊருக்குத் திரும்பி வந்த மாதிரிதானே?

ஒரே ஒரு வேண்டுகோள். ஆல்பத்தில் சேவர்னயா என்று தொடங்கும் பகுதி இருக்கிறது. சைபீரியப் பனிக்குள் இருக்கிற செயற்கைக்கோள் நிலையத்தில் எல்லாரையும் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். ஒரே ஒரு பெண், நத்தாலியா, இடிபாட்டுக்குள்ளிருந்து ஏறி வெளியே வருகிறாள். அங்கே இரும்பும் இல்லை, குத்தும் இல்லை, வெறும் தந்தி வாத்தியங்கள். அவசரமே படாமல், செத்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிற மாதிரி நகரும். ஒற்றன் படத்தில் செத்துப்போன குமாஸ்தாக்களுக்காக யார் இசையில் இவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள்? மற்றப் படங்களில் அவர்கள் விழுவார்கள், அடுத்த வெடி வெடிக்கும். அதேபோல கியூபாக் கடற்கரையில் பாண்ட் தனியாக உட்கார்ந்திருக்க, அவள் வந்து இப்படி மரத்துப்போய் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற இடம். அதற்கும் தந்திதான். படத்தில் மெட்டே இல்லை என்கிறவர்கள் இந்த இரண்டையும் எங்கே வைப்பார்கள்?

ஹெட்போன் போட்டுக் கேளுங்கள் சார். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அடி ஒலி பாதி காணாமல் போய்விடும்.

---

உறுமிப்பையன் எழுதியது:

முதல் பதிவு. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

நான் சுங்கை சிப்புட்டில் உறுமி மேளக் குழுவில் அடிக்கிறேன். படமும் பார்த்ததில்லை, பேரியும் தெரியாது. இங்கே சண்டை சூடாக இருந்ததால் படம் தொடங்கும்போது வருகிற அந்த இசையை மட்டும் கேட்டேன். எனக்கு ஒரு சந்தேகம். எல்லாரும் சிந்தசைசர் முனகல் முனகல் என்கிறீர்களே, அது உறுமி இல்லையா? உறுமியில் ஒரு பக்கம் வளைந்த குச்சியால் தேய்ப்போம். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒலி வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். தைப்பூசத்தில் காவடி ஆளுக்கு அருள் வருவதற்கு முன்னால் அந்தத் தேய்ப்புதான் வரும், அடி அப்புறம்தான். இந்தப் பிரெஞ்சுக்கார அங்கிளும் முதலில் தேய்க்கிறார், அப்புறம் அடிக்கிறார். எனக்கு இதில் புரியாத மாதிரி ஒன்றுமே இல்லை.

---

மூணாம்லயம் எழுதியது:

இத்தனை பேர் இத்தனை எழுதி, தம்பி அஞ்சு வரியில் முடித்துவிட்டான்.

---

ஊசித்தட்டு எழுதியது:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். மருமகன் ஹெட்போனை இரவல் வாங்கிக் கேட்டேன்.

சேவர்னயாப் பகுதி நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால், எனக்குத் தெரியாமல் இருந்ததற்கு வெட்கப்படுகிற அளவுக்கு. கடற்கரையும் சரி. சர்ச் காட்சிக்கு ஒன்று போட்டிருக்கிறார், நீங்கள் சொல்லவில்லை, அதுவும் எனக்குப் பிடித்தது.

சிலைக் காட்சியை வீட்டுக்காரியோடு போட்டுப் பார்த்தேன். பாதியில் அவள் எழுந்து போய்ப் பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். அது இசைக்குப் பாராட்டா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மற்றபடி என் கட்சியில் மாற்றம் இல்லை. 1997-இல் டேவிட் அர்னால்டு வந்து, பேரியின் பித்தளையையும் புதுக்கால மின்னணுத் தாளத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டினார். அப்படிச் செய்திருக்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. படம் முடிந்ததும் சேரா தானே ஒரு காதல் பாட்டுப் பாடுகிறாரே, அதைப் பற்றிப் பாய்லர் தம்பி இதுவரை மூச்சே விடவில்லை. கவனித்தேன்.

---

பாய்லர்காரன் எழுதியது:

அந்தப் பாட்டு வரும்போது நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன் சார்.

---

உறுமிப்பையன் எழுதியது:

நேற்றுக் கோயில் கொட்டகையில் பயிற்சி. குழுப் பையன்களுக்குப் போட்டுக் காட்டினேன். பாண்ட் மெட்டில் அந்த நாலு ஸ்வரம் நெருக்கமாக ஏறி இறங்குவதை உறுமியில் தேய்த்தே எடுத்துவிடலாம் என்று பெரிய உறுமி அண்ணன் சொன்னார், எடுத்தும் காட்டினார். தாளம் ரொம்ப நிதானம், கொஞ்சம் முடுக்கினால் நடக்கலாம் என்றார். முடுக்கினோம். கோயில் தலைவர் எட்டிப் பார்த்து, இது எந்தச் சாமிக்கு அடிக்கிற அடி என்று கேட்டார். பிராஸ்னன் சாமி என்று ஒருத்தன் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

போனில் பதிவு செய்திருக்கிறேன், ஒலி சுமார்தான்.

---

ஊசித்தட்டு எழுதியது:

சுமாராக இருந்தால் என்ன, போடு தம்பி. கார் காட்சியை மட்டும் அடித்துவிடாதீர்கள்.